ஒரு ‘ம்’ இருந்ததா, இல்லையா?

கிராணி மகன் பொய் சொன்னான்.

போன மாதம் பாச்சாங்கில், உணவகத்தின் மேல்மாடியில், நம் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிட்டோம். அங்கே மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் பொய் சொன்னான். நீங்கள் எல்லாரும் கோழியைக் கடித்துக்கொண்டே சிரித்தீர்கள்.

“இவன உபதேசியார் பொண்ணு தங்கான்னு கூப்பிடுவா. ஏன் தெரியுமா? மலாய்ல தங்கான்னா ஏணி லா! இவன் அப்ப ஏணி மாதிரி இருப்பான். கூரையில பந்து மாட்டிக்கிச்சுன்னா இவனத்தான் கூப்பிடுவா. வேற ஒன்னும் இல்ல. இவன்தான் என்னமோ நெனச்சிக்கிட்டுத் திரிஞ்சான்!”

நான் எழுந்து, “நிறுத்துடா” என்றேன். மைக் இல்லாதவன் பேச்சு யாருக்குக் கேட்கும்? அடுத்த நிமிடம் கரோக்கே ஆரம்பித்துவிட்டது. உபதேசியார் மகள் சுவரோர மேசையில் தன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதனால்தான் இதை நம் வாட்சாப் குழுவில் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் அலுத்துக்கொள்ள வேண்டாம். தினம் காலையில் ஆளுக்கொரு பூப்படம் அனுப்புகிறீர்கள். நான் ஏதாவது சொன்னேனா? இதைப் படியுங்கள்.

ஏணி என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. நான் அப்போது ஒல்லிதான், உயரம்தான். முழுக்கதையும் தெரிந்தவன் கால்வாசியை மட்டும் சொன்னானே, அதில்தான் கோபம்.

நாங்கள் தங்கா பத்துவிலிருந்து தோட்டத்துக்கு வந்தது ரப்பர் கொட்டை வெடிக்கிற பருவத்தில். அப்பாவுக்குத் தோட்டத்து லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, முன்பே அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி எங்களுக்கும் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் வீடு கொடுத்தார்கள். கடலோரத்தில் வளர்ந்தவன் நான். முதல் இரவு அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் கூரைத் தகரத்தில் ‘டப்’ என்று ஏதோ விழுந்தது. பிறகு இன்னொரு ‘டப்’. யாரோ கல்லெறிகிறார்கள் என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். மரத்தில் காய் வெடித்துக் கொட்டை தெறிக்கிறது என்று சொல்லிவிட்டு, லயமே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்தக் கொட்டைகள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? வழவழவென்று, பழுப்பும் வெள்ளையுமாய், ஒன்றின் கோலம் இன்னொன்றுக்கு வராது. சிமெண்டுத் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் வைத்தால் சுரீர் என்று சுடும். நம் எல்லார் கால்சட்டைப் பையும் அதன் கனத்தில் தொங்கும். என் பேரனிடம் சொன்னேன். கைப்பேசியில் தேடிப் படத்தைக் காட்டி, “இதுவா தாத்தா?” என்றான். இதுதான், ஆனால் சூடு எங்கே?

பள்ளிக்கூடம் பத்து பெரண்டாம் விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பலகைச் சுவர், மூன்றே அறை. விமானம் தாழப் பறந்தால் ஆறாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு ஓடும், வாத்தியாரும் ஓடுவார். முதல் நாள் அவர் என்னைக் கரும்பலகை பக்கத்தில் நிறுத்தினார்.

“எந்த ஊர்லேருந்து வர்ற தம்பி?”

“தங்கா பத்து சார்.”

நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “பத்துல தங்கலையாம் சார். ஒம்போதுலயாச்சும் தங்குவானா, கேளுங்க.”

மலாயில் பத்து என்றால் கல் என்று நமக்கெல்லாம் தெரியும். தெரிந்தாலும் நம் காதில் எண்தானே விழும். வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு சிரித்தது. வாத்தியார் எதையோ அழிப்பதுபோல் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சொன்னவள் இரட்டைச் சடையில் கறுப்பு ரிப்பன் கட்டி, காதுமேல் பென்சில் செருகியிருந்தாள். அவள்தான் உபதேசியார் மகள். மதிய இடைவேளையில் பின்னாலிருந்து கத்தினாள்.

“ஏய் தங்கா! ஒன் தண்ணி போத்தல வச்சிட்டுப் போற!”

அன்றைக்கு வந்தது அந்தப் பெயர்.

அவளுக்கு ஊருக்கே பெயர் வைக்கிற பழக்கம். சாமியார் டவுனிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் அவளுடைய அப்பாதான் தோட்டத்துச் சின்னக் கோயிலில் செபம் நடத்துவார். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஞானஸ்நானத்துக்கு என்ன பெயர் என்று அவரிடம்தான் வந்து கேட்பார்கள். “எங்கப்பா கோயில்ல பேர் குடுக்கிறாரு. நான் இங்க குடுக்கிறேன்” என்பாள். கேட்டவனுக்கும் ஒரு பெயர் விழும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணியின் குடும்பம் முன்பு பாச்சாங்கில் இருந்தது. கிராணி மகன் சட்டையெல்லாம் டிரங்குப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு மடித்து வைத்த வாசனை அடிக்கும். அவனுக்கு அவள் வைத்த பெயர் பாச்சா உருண்டை. வகுப்பு மானிட்டராக இருந்து என்ன பயன்? “பாச்சா உருண்டை, சாக்கட்டி எடுத்துக் குடு” என்பாள், அவனும் எடுத்துக் கொடுப்பான். என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மாட்டுக்காரர் மகன். அவன் அப்பா விற்கும் பாலில் தண்ணீர் அதிகம் என்று லயம் முழுக்கப் பேச்சு. அவனுக்கு மோர் என்று பெயர். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. “பாலவிட மோர் குளிர்ச்சி லா” என்று சொல்லித் திரிந்தான். இரட்டைப் பெண்கள் இருவர் இருந்தார்களே, எப்போதும் ஒருத்தி முன்வாசலில், மற்றவள் பின்வாசலில், அவர்கள் முன்வீடு, பின்வீடு.

ஒன்றைக் கவனியுங்கள். ஊர், வீடு, வாசனை, இவற்றை வைத்துத்தான் அவள் பெயர் வைத்தாள். கறுப்பு, குட்டை, பல்லன் என்று ஒருவரையும் அழைத்ததில்லை. உடம்பைப் பார்த்து அவள் யாருக்குமே பெயர் வைத்ததில்லை. பிறகு என்னை மட்டும் எப்படி ஏணி என்பாள்? கிராணி மகனே, இதற்கு முதலில் பதில் சொல்.

சரி, ஊரை வைத்து வைத்தாள் என்று நானும் அப்போதே விட்டிருக்கலாம். விடவிடாமல் செய்தவன் மோர்.

“ஊர் பேர்னா தங்கா பத்துன்னு முழுசா கூப்பிடணும்லா. பத்த ஏன் விட்டா?” என்றான் ஒரு நாள், கொட்டை பொறுக்கிக்கொண்டே.

“நீட்டமா இருக்கு, அதான்.”

“பாச்சா உருண்டை மட்டும் குட்டையா? ஒன்னத்தான் சுருக்கமா கூப்பிடுறா. யோசிச்சுப் பாரு. தங்கா, தங்கா. கடைசியில ஒரு ‘ம்’ போட்டா என்னா வருது?”

எனக்குக் காது சூடேறியது. “தங்கம்” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

“அதான் லா. எல்லார் முன்னாலயும் சொல்ல முடியுமா? ‘ம்’ம முழுங்கிட்டா.”

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. அவள் கூப்பிடும்போதெல்லாம் கடைசி எழுத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து கத்தினால் ‘தங்காஆ’ என்று காற்றோடு போய்விடும். பக்கத்திலிருந்து சொன்னால் அடுத்த சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘தங்கா, மை இருக்கா?’ என்று ஒருமுறை கேட்டாள். அந்த ‘மை’யில் இருக்கும் ம் எதைச் சேர்ந்தது என்று மோரும் நானும் ஒரு பாடவேளை முழுக்க விவாதித்தோம். வாத்தியார் இருவரையும் வெளியே நிறுத்தினார். வெளியே நின்றும் விவாதித்தோம்.

கிராணி மகன் அப்போதே ஏணிக் கதையை ஆரம்பித்துவிட்டான். நாங்கள் வெளியே நிற்பதைப் பார்த்து, “மலாய் வாத்தியார்கிட்ட கேளுங்கடா, தங்கான்னா ஏணி, படிக்கட்டு. ஏறி மிதிக்கத்தான் ஒன்ன வச்சிருக்கா” என்றான்.

பொறுக்க முடியாமல் தமிழ் வாத்தியாரிடமே போய்விட்டேன். யார் சொன்னது என்று சொல்லாமல், “சார், தங்கா என்றால் என்ன?” என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தானாக ஒருவன் இலக்கணம் கேட்கிறானே!

“தங்கா என்றால் தங்காத. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தங்கா மழை. தங்கா விருந்தாளி. வந்த இடத்துல நிலைக்காதது. புரியுதா? பின்னால கட்டாயம் ஒரு பெயர் வரணும்.”

“வரலன்னா சார்?”

“வரலன்னா அது பாதியில நிக்குதுன்னு அர்த்தம்.”

பின்னால் வர வேண்டிய பெயர் என்னுடையதுதான் என்று மோர் சந்தோஷப்பட்டான். எனக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. அப்பா ஓர் இடத்தில் நிலைக்காத மனிதர். லாரி எங்கே போகிறதோ அங்கே குடித்தனம். இவன் தங்க மாட்டான், வந்த வழியே போய்விடுவான் என்று அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளா?

அன்று சாயங்காலம் அப்பாவிடம், “நாம இங்கயே இருப்போமாப்பா?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பையனுக்குக் கடல் ஞாபகம் வந்துவிட்டது, தோட்டம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தங்கா பத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அவித்த கடலை வாங்கிக் கொடுத்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு என்னோடு தண்ணீரில் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

“சந்தோசமா?” என்றார்.

“ம்” என்றேன்.

பாவம், அவர் காட்டிய கடலில் நான் தேடியதெல்லாம் நல்ல சின்னச் சங்கு ஒன்று. உள்ளே ரோஜா நிறம் படிந்ததாக ஒன்று கிடைத்தது. மறுநாள் அவளிடம் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “தங்கா, இதுக்குள்ள ஒங்க ஊரு பேசுது” என்று சொல்லிப் பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டாள். தகரப் பெட்டி அது, மூடினால் ‘கிளிக்’ என்று கேட்கும். அந்த மாதிரிப் பெட்டியை இப்போது எந்தக் கடையிலும் காணோம்.

இப்படியே போயிருக்கும். அத்தை கெடுத்தாள். கெடுத்தாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

லயத்துக் குழாயடியில் அத்தை துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் வாளியோடு நின்றேன். உபதேசியார் மகள் கோயிலுக்குப் பூ எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனவள், “தங்கா, வாளி நெறஞ்சு ஊத்துது!” என்று கத்திவிட்டுப் போனாள். அத்தை துணியைப் போட்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். ஈரக் கையோடு என்னைப் பிடித்து நேரே உபதேசியார் வீட்டுக்கு இழுத்துப்போனாள்.

“ஐயா, கோயில் பக்கத்துலயே குடியிருக்கீங்க. ஒங்க பொண்ணு நடு ரோட்டுல நின்னு எங்க பையன தங்கம், தங்கம்னு கூப்பிடுது. நல்லாவா இருக்கு?”

உபதேசியார் மெல்லிய மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகளைக் கூப்பிட்டார். “என்னம்மா சொன்ன?”

“தங்கா, பா.”

“அப்படின்னா?”

“தங்கா பத்துலேருந்து வந்தான். அதான்.”

“பொய்!” என்றாள் அத்தை. “என் காதால கேட்டேன். கடைசியில ‘ம்’ இருந்துச்சு.”

“இல்ல அத்த.”

“இருந்துச்சு!”

உபதேசியார் என் பக்கம் குனிந்தார். “தம்பி, நீ சொல்லு. ‘ம்’ இருந்துச்சா?”

அப்போது எனக்கு இருந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். இத்தனை நாள் அந்த ‘ம்’முக்காகத் தவம் கிடந்தவன் நான். இருந்தது என்று ஊரே சாட்சி சொல்ல வருகிறது. ஆமாம் என்றால் அவளுக்கு அடி விழும். இல்லை என்றால் எனக்குத் தங்கம் போகும். அதுவும் நிஜமாக எனக்குக் கேட்கவில்லை, குழாய்த் தண்ணீர் அந்தச் சத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“இல்லீங்க” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

அதோடு முடிந்திருக்கும். கூச்சல் கேட்டுக் கிராணியின் மனைவியும் வந்து சேர்ந்தார். “எம்மவனக்கூட உருண்டைங்குறாளாம். அது என்னா உருண்டை?” என்று ஆரம்பித்தார். உபதேசியார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, இனி யாருக்கும் பட்டப்பெயர் கிடையாது, பள்ளிப் பதிவில் உள்ள பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று மகளுக்குக் கட்டளை போட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் குழாயில் அவளைப் பிடித்தேன். “ஊரு பேருங்கறதாலதான் கூப்பிட்டியா?”

“அது பெரியவங்களுக்கு” என்றாள்.

“அப்ப எனக்கு?”

“ஒனக்கென்னா, காது இல்ல?” என்று தண்ணீரை என் சட்டையில் தெளித்துவிட்டு ஓடினாள்.

அடுத்து வந்த நாட்களைப்போல் ஒரு சாவு வீட்டைக்கூட நான் பார்த்ததில்லை. அவள் ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், தகப்பன் பெயரையும் சேர்த்து. கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கவே இல்லை, தங்கள் பெயர் என்று தெரிந்தால்தானே! முன்வீடு அழுதாள். மோர் தனியாக உட்கார்ந்து கொட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். எல்லாரையும்விட நொந்துபோனவன் யார் தெரியுமா? கிராணி மகன். உருண்டை இருந்தவரை எல்லாரும் அவனை உருட்டி விளையாடினார்கள். இப்போது அவன் வெறும் மானிட்டர். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவன்தான் எங்களைத் திரட்டினான். கிராணி மகனே, மைக்கில் இதை ஏன் சொல்லவில்லை? பள்ளி விட்டதும் எங்களை வரிசையில் நிறுத்தி உபதேசியார் வீட்டுக்கு நடத்திப்போனது நீதானே? முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா, எங்க பேரெல்லாம் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க” என்றது நீதானே?

“ஒன் பேரு என்னாப்பா?” என்றார் உபதேசியார்.

“பாச்சா உருண்டைங்க ஐயா.”

உபதேசியார் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். மோர், முன்வீடு, பின்வீடு என்று ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லச் சொல்ல, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, வச்சுக்கட்டும்” என்றார். பிறகு என் முறை வந்தது. அவர் முகம் மாறியது.

“அது ஒன்னு மட்டும் வேணாம்பா. ஒங்க அத்தை மறுபடியும் வந்துடுவாங்க.”

எல்லாருக்கும் பெயர் திரும்பி வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. பதிவுப் பெயரையும் அவள் சொல்லவில்லை. “ஏய்” என்றாள். “ஏய், நகரு.” “ஏய், விமானம் வருது பாரு.” வெறும் ஏய்.

நான் உடைந்துபோய் மாட்டுக்கொட்டகையில் மோரிடம் சொன்னேன். அவன் வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்தான்.

“மடையா! ஒங்கம்மா ஒங்கப்பாவ என்னான்னு கூப்பிடுறாங்க?”

யோசித்தேன். “ஏங்கன்னு.”

“பேர் சொல்லுவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க.”

“எங்கம்மாவும் சொல்ல மாட்டாங்க. லயத்துல ஒரு பொம்பள சொல்ல மாட்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் பேர் சொல்லுவா, ஒனக்கு மட்டும் சொல்ல மாட்டான்னா, அதுக்கு என்னா லா அர்த்தம்?”

மாட்டுக்கொட்டகை வாசனை அன்றைக்குப்போல் மணத்து நான் அறிந்ததில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவையே கவனித்தேன். “ஏங்க, சட்டை காஞ்சிருச்சு.” “இந்தாங்க, தேத்தண்ணி.” ஒருமுறைகூடப் பெயர் இல்லை. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தேன். ஏணி என்றவனையும் சட்டை செய்யவில்லை.

கிராணி மகனுக்குப் பொறுக்கவில்லை. “மாட்டையும்தான் ஏய்னு கூப்பிடுவாங்க” என்றான்.

மோர் எழுந்து நின்றான். “எங்க வீட்டுல ஒரு மாட்டக்கூட ஏய்னு கூப்பிட்டதில்ல. எல்லா மாட்டுக்கும் பேரு இருக்கு. தெரிஞ்சா பேசு.”

கிராணி மகன் ஒரு கொட்டையை உதைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆண்டு முடிவில் விளையாட்டுப் போட்டி வந்தது. மேனேஜர் பங்களாவுக்குக் கீழே இருந்த பச்சைத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். தோட்டம் மொத்தமும் வந்தது. அத்தை முதல் வரிசையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்தாள். உபதேசியார் கோடு முடியும் இடத்தில், பரிசு மேசை பக்கத்தில் நின்றார். கோணிப்பை ஓட்டத்தில் நானும் கிராணி மகனும் கடைசிவரை வந்தோம். இடுப்புவரை சாக்கு, உள்ளே பழைய மாவு வாசனை. என் கால் நீளம், ஒரு குதிக்கு ஒன்றரைக் குதி. நான்தான் முன்னால். கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அவனை உருண்டையென்றும், பட்டப்பெயர் போன என்னை மோரின் நண்பனென்றும் ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள்.

அப்போது எல்லாச் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் வந்தது. கட்டளையை மறந்துவிட்டாள். இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

நான் கேட்டேன். கடைசி எழுத்துவரை கேட்டேன். ‘ம்’ இருந்தது.

சாக்குக்குள் இருப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். திடல் தலைகீழாகப் புரண்டது. வாயெல்லாம் புல். கிராணி மகன் என்னைத் தாண்டிக் குதித்துக் கோட்டைத் தொட்டான். அவனுக்குப் பூப்போட்ட மங்குக் கிண்ணம் கிடைத்தது. எனக்கு ஆறுதல் பரிசாகப் பச்சை நிறச் சோப்புப் பெட்டி. என் வாழ்க்கையில் எந்தத் தோல்விக்கும் நான் அப்படிச் சிரித்துக்கொண்டு எழுந்ததில்லை.

அவள் ஓடிவந்து சாக்கை உருவினாள். “என்னான்னு கூப்பிட்ட?” என்றேன், புல்லைத் துப்பிக்கொண்டே.

“காது இல்லையா ஒனக்கு?” என்றாள், முன்பு சொன்ன அதே பதில். முகம் மட்டும் செம்பருத்தியாக இருந்தது.

உபதேசியார் அதைக் கேட்டாரா? கேட்காமல் எப்படி இருப்பார்? வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடையை விரித்து முகத்தை அந்தப் பக்கம் மறைத்துக்கொண்டார். குடை நடுங்கியது. அவர் கோபத்தில் நடுங்குகிறார் என்று அப்போது பயந்தேன். இப்போது எனக்கும் மகள் இருக்கிறாள், பேரன் இருக்கிறான். அந்த நடுக்கம் எதனால் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அத்தை அம்மாவிடம், “இப்ப சொல்லு. ‘ம்’ இருந்துச்சா, இல்லையா? அன்னிக்கு என்னய பைத்தியம்னீங்க” என்றாள். அம்மா, “அவன் விழுந்து முட்டி பேந்து வந்திருக்கான், ஒங்களுக்கு எழுத்து முக்கியம்” என்று மஞ்சள் அரைக்கப் போனாள். அத்தையை நாம் எல்லாரும் வம்புக்காரி என்றோம். நான் அதிகமாகவே சொன்னேன். என் காதும் அவள் காதும் ஒரே மாதிரி கேட்டிருக்கின்றன. எனக்கிருந்த நல்ல சாட்சி அவள்தான், அவளும் போய்விட்டாள்.

மற்ற சாட்சிகளைச் சொல்கிறேன். மோர் இருந்தது என்றான். முன்வீடு இருந்தது என்றாள், பின்வீடு இல்லை என்றாள், அவர்கள் இருவரும் எதில்தான் ஒத்துப்போனார்கள்? இனி கிராணி மகன். கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, லயத்துக்குத் திரும்பும் செம்மண் பாதையில் என் பக்கத்தில் வந்தான். ஜெயித்தவன் முகமா அது? நான் கேட்காமலே சொன்னான்.

“இருந்துச்சு. நான் பக்கத்துலதான இருந்தேன். ‘ம்’ இருந்துச்சு.” கொஞ்சதூரம் நடந்து, “ஜெயிச்சது நானு. அவ என் பேர கத்தவே இல்ல லா” என்றான்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பாச்சாங் மேல்மாடியில் அவன் ஏணி, ஏணி என்று சிரித்தபோது கண் மட்டும் சுவரோர மேசைக்குப் போய்ப் போய் வந்ததே, அப்போதுதான் விளங்கியது. உருண்டைக்கு எந்தப் பக்கம் ‘ம்’ சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது. பாவம்தான். இருந்தாலும் பொய் பொய்தான்.

அடுத்த ஆண்டு அவள் டவுனில் கன்னியர் மடத்துப் பள்ளிக்குப் போனாள். நான் மலாய் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். பஸ்ஸில் எப்போதாவது பார்ப்போம், சிரிப்போம். அவள் ஆஸ்பத்திரியில் தாதியானாள், நல்லவர் ஒருவரைக் கட்டினாள். எனக்கும் நல்லவள் கிடைத்தாள். நான் ஏங்கினேன், அழுதேன் என்றெல்லாம் எழுத மாட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பருவத்தில் நான் மண்ணில் கால் படாமல் திரிந்தேன். அது நிஜமா, நானாகக் கட்டிக்கொண்டதா என்று எனக்குத் தெரிய வேண்டும். என் மனைவி இதை என் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, “ஏங்க, அனுப்புங்க. எனக்கும் தெரியணும்” என்கிறாள்.

அதனால் உபதேசியார் மகளே, இப்போது உன்னைக் கேட்கிறேன். பெரியவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இனி பிரிக்க முடியாது. நாம்தான் இப்போது பெரியவர்கள். காது இல்லையா என்று கேட்டும் தப்ப முடியாது. இடது காது எனக்கு மந்தமாகிவிட்டது. எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பாதே. சிரிக்கிற மஞ்சள் முகத்தைப் போட்டு நழுவாதே. உன் வீட்டுக்காரர் படிக்கட்டும், கிராணி மகன் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கட்டும். அன்று திடலில் நீ கத்தியதில் அந்த எழுத்து இருந்ததா, இல்லையா?

இல்லை என்றால் இல்லை என்று எழுது. ஏணியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இருந்தது என்றால் விளக்கம் எதுவும் வேண்டாம். எல்லாரும் பார்க்கிற இந்தக் குழுவில், ‘ம்’ என்று ஒரே ஓர் எழுத்தைப் போடு.